கீழ்த்தளத்தில் நிற்பவன்

முப்பத்தொரு வருசமாய்
இழுவைப் படகின் எஞ்சின் அறையில்
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நிற்கிறேன்.
யன்னல் இல்லை.
சீனன்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வந்தால்
சிவப்பா, கறுப்பா, எவ்வளவு உயரம்
எனக்குத் தெரியாது.
மேலிருந்து மணி அடிக்கும்.
ஒருமுறை என்றால் முன்னே.
இருமுறை, நில்.
மும்முறை, பின்னே.
ஏன் என்று கேட்டதில்லை.
கேட்டுக்கொண்டு நின்றிருந்தால்
எப்போதோ துறைமுகத்தின் அடியில்
மீன்களுக்கு வீடு கொடுத்திருப்போம்.

அப்படிப்பட்ட நான், ஆண்டவரே,
பாலையூற்றில் முழந்தாளிட்டால் மட்டும்
மேல்தட்டுக்கு ஏறிவிடுவேன்.
அங்கிருந்து
உமக்கு மணி அடிப்பேன்.

கற்பித்த செபத்தில்
சித்தம் என்றொரு சொல் வருகிறதே,
அந்த வரி வந்ததும் எனக்கு இருமல் வரும்.
எமல்டா கவனித்திருக்கிறாள்.
"இருபது வருசமா
ஒரே இடத்திலதான் இருமுறியள்" என்றாள்.
"மருந்து எடுங்கோ."

நான் கேட்டது ஒன்றே ஒன்று.
ஜெரோனுக்கு மெல்பேர்ன்.
என் இரத்தத்தில் ஒருவனாவது
யன்னல் உள்ள இடத்தில் நிற்கவேண்டும்.
தவணையும் சொன்னேன்: ஆவணிக்கு முன்.
மட்டிக்களிக் காணியை ஈடு வைத்தேன்,
ஏஜென்சிக்குக் கட்டினேன்,
உமக்கு மிச்சம் விட்டது
கையெழுத்து ஒன்றுதான்.

விசா வந்தது.
ஆடியிலேயே வந்தது.
மெழுகுதிரி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அன்றிரவு
சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப்
பெடியன் சொன்னான்:
"அப்பா, ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.
ரெண்டு வருசமாக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை.
நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."
ஆரிட்டை? என்றேன்.
பதில் இல்லை.
சுவரில் இருந்த உமது படத்தை அவன் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் அடித்திருப்பேன்.
தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் உம்மோடு கதைக்கவில்லை.
இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால்
அழுதுவிட்டு அடங்கியிருப்பேன்.
தந்துவிட்டு,
தந்ததை அவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லவைப்பது
எந்த ஊர் நியாயம்?

பதினோராம் நாள்
கட்டிய காசில் பாதியாவது வராதா என்று
கடிதத்தோடு ஏஜென்சிக்குப் போகையில்,
பஸ் நிலையத்து மான் ஒன்று
உறையின் மூலையைக் கவ்வியது.
இழுத்தேன்.
அதுவும் இழுத்தது.
கச்சான் விற்பவன் சிரித்தான்,
பஸ்ஸுக்கு நின்ற சனம் சிரித்தது,
நான் இழுத்தேன்.
எதற்காக இழுக்கிறேன் என்பது
நடுவில் எங்கோ
எனக்கே விளங்காமல் போயிற்று.
விட்டேன்.
அது நின்று நிதானமாய் மென்றது.
வெறுங்கையைப் பார்த்தேன்.
ஜெரோனின் கை மாதிரி இருந்தது.

ஞானம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.
மானுக்கு விட்டேன்,
உமக்கு விட்டேனா என்பது
இன்னும் சரியாய்த் தெரியாது.
அவன் பெட்டியைக் கட்டியபோது
சாரம் இரண்டு கூடுதலாய் வைத்தேன்.
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நேற்றிரவு வாடை. மழை.
எண்ணூறு அடிக் கப்பல் என்றார்கள்.
மணி மும்முறை. பின்னே எடுத்தேன்.
இருமுறை. நிறுத்தினேன்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.
மணி அடிக்காத நேரம்தான் பொல்லாதது.
மேலே மறந்துவிட்டார்களோ,
கயிறு அறுந்ததோ,
நானாக ஏதாவது செய்தால் என்ன என்று
கை நெம்புகோலில் அரிக்கும்.
அரிக்கவிட்டேன். கையை எடுக்கவும் இல்லை.
கொட்டியாரக்குடாவுக்கு அப்பால்
அவன் கொப்பிகளைத் திருத்தி முடித்து
விளக்கை அணைத்திருப்பான்.

எஞ்சின் இரைச்சலில் செபத்தைத் தொடங்கினேன்.
அந்த இடம் வந்தது.
இருமல் வந்தது.
இருமினேன்.
இருமி முடித்துவிட்டு
அந்த வரியைச் சொன்னேன்.

மேலே மணி
ஒருமுறை.